பலகைக்குப் பின்னால் நான்கு விரற்கடை

ஒலி உறிஞ்சும் பலகை வேண்டும் என்று கேட்டால் இன்றைக்குக் கடைக்காரர் முதலில் இழுத்துப் போடுவது பெட் ஃபெல்ட் பலகையைத்தான். பெரும்பாலும் எட்டடிக்கு நாலடி, 9 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமன், வேண்டிய நிறமெல்லாம் உண்டு. தடவிப் பார்த்தால் கம்பளி. விரலால் சுண்டினால் தடித்த அட்டை. 9 மில்லிமீட்டர் தாள் ஒன்று ஐந்து கிலோ சொச்சம்தான் இருக்கும். குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து செய்தது என்று அட்டவணையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஒரு பலகைக்கு இத்தனை பாட்டில் என்ற கணக்கும் பக்கத்திலேயே இருக்கும். வாங்குபவர் அந்தக் கணக்கில் மயங்கி, சுவர் முழுக்கப் பசை தடவி ஒட்டி, அறை ஓரளவுக்குத்தான் அடங்கியது என்று பிறகு குறைபட்டுக்கொள்வார். பலகையில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்பதைவிட அதற்குப் பின்னால் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதே இந்தப் பொருளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒலிக்கும் அதுதான் நல்லது, பிளாஸ்டிக் கணக்குக்கும் அதுதான் நல்லது என்பதை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலில் பலகை எப்படி உருவாகிறது என்று சுருக்கமாக. சேகரித்த பாட்டில்களை நிறவாரியாகப் பிரித்து, துண்டாக்கி, காரம் கலந்த வெந்நீரில் கழுவுகிறார்கள். தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், பாட்டிலின் உடலான பெட் பிளாஸ்டிக் துண்டுகள் மூழ்கும். பிரிப்பதற்கு இந்த எளிய வித்தைதான் பெரிதும் உதவுகிறது. காய்ந்த செதில்களை 250 டிகிரிக்கு மேல் உருக்கி இழையாக இழுத்தால் தலையணையில் அடைக்கும் அதே செயற்கைப் பஞ்சு கிடைக்கிறது. இதோடு இன்னொரு வகை இழையைக் கலக்கிறார்கள். அதன் உள்தண்டு சாதாரண பாலியெஸ்டர், மேலுறை 110 டிகிரி அளவிலேயே இளகிவிடும். இரண்டையும் சீவி, விரித்து, முள்ளுள்ள ஊசிகளால் ஆயிரக்கணக்கான தடவை குத்திப் பின்னி, சூடாக்கி அழுத்தும்போது அந்த மேலுறை இளகி, இழைகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் அவற்றை ஒட்டிவைக்கிறது. தனியாகப் பசை தேவையில்லை. கட்டர் பிளேடால் ஓரத்தை வெட்டி வெளிச்சத்தில் பார்த்தால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதும் நடுவே கண்ணுக்குத் தெரியாத வழிகள் இருப்பதும் புரியும். வாயருகே வைத்து ஊதினால் காற்று மெல்லத் தடைப்பட்டு மறுபக்கம் போக வேண்டும். போகவே இல்லையென்றால் அழுத்தும்போது சூடு மிஞ்சி மேற்பரப்பு மூடிக்கொண்டது என்று பொருள். அந்தத் தாள் அழகுக்குத்தான் உதவும். நல்ல தாளையும் இப்படிக் கெடுக்கலாம்: மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் போதும்.

இந்தப் பலகை எந்த நோய்க்கு மருந்து? அறைக்குள்ளேயே பிறந்து அறைக்குள்ளேயே சுற்றித் திரியும் ஒலிக்கு. அதை எதிர்முழக்கம் என்கிறோம். மலையடிவாரத்தில் கூவினால் தனியாகத் திரும்பி வருவது எதிரொலி. வெற்றுக் கூடத்தில் பேசினால் சொல் முடிந்த பிறகும் அதன் வால் தேய்ந்துகொண்டே இருப்பது எதிர்முழக்கம். இதை முதலில் எண்ணாகப் பிடித்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். 1895-இல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அந்த நேரத்துக்குள் பேசுபவர் இன்னும் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லி முடித்திருப்பார். சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து, ஒவ்வொன்றாக அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கிடைத்த விதி மிக எளியது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உள்ளே இருக்கும் மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடிகளில் வரும். உறிஞ்சும் பரப்புக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது என்பதால் ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் ஒரு சதுர மீட்டர் முழு உறிஞ்சல்.

நம் பக்கத்து அறைகளுக்கு இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஓட்டுக்கூரை, பனையோலை, சாணம் மெழுகிய தரை இருந்த இடத்தில் கான்கிரீட், பட்டி பார்த்த சுவர், வழவழப்பான டைல்ஸ் வந்தன. இவை தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். ஜன்னல் திறந்திருந்தவரை ஒப்பேறியது. ஏசி போட்டுக் கண்ணாடியைச் சாத்தியதும் மிச்சமிருந்த உறிஞ்சலும் போயிற்று. வகுப்பறையில் இதன் விலை அதிகம். உயிரொலிகளுக்கு வலு அதிகம், அவை நீண்டு நிற்கும். மெய்யொலிகள் மெலிந்தவை, சட்டென்று மறைபவை. முந்தைய உயிரின் வால் அடுத்த மெய்யின் மேல் விழுந்து மூடிவிடுகிறது. வலி, வளி, வழி என்று ஆசிரியர் ஒழுங்காகவே உச்சரித்தாலும் கடைசி வரிசைக்கு மூன்றும் ஒன்றாகக் கேட்டால் பிள்ளையை மட்டும் குறை சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வகுப்பறைக்குச் சுமார் 0.6 விநாடி என்கிறது. சிறிய வகுப்பறைகளுக்கு அமெரிக்கத் தரநிலை வைக்கும் வரம்பும் அதேதான்.

இனி பலகை வேலை செய்யும் விதம். ஒலி என்பது காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசைவது. அந்த அசைவு இழைகளுக்கு நடுவே உரசும்போது சிறிது வெப்பமாக மாறுகிறது. உறிஞ்சல் என்பது இவ்வளவுதான். உரச வேண்டுமென்றால் பலகை இருக்கும் இடத்தில் காற்று அசைய வேண்டும். கெட்டியான சுவரை ஒட்டினாற்போல் காற்று அசையவே முடியாது; சுவர் தடுக்கிறது. அசைவு உச்சமாக இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில். 2000 ஹெர்ட்ஸுக்கு அது நான்கு சென்டிமீட்டர் சொச்சம், 1000-க்கு எட்டரை, 500-க்கு 17, ஆண்குரலின் அடித்தளம் இருக்கும் 125 ஹெர்ட்ஸுக்கு கிட்டத்தட்ட 70. ஆகவே 9 மில்லிமீட்டர் பலகையைச் சுவரில் அப்பிவிட்டால், காற்று ஏறக்குறைய நின்றுபோன இடத்தில் அதைக் கொண்டுவைத்தோம் என்று ஆகிறது. அதே பலகையை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர், அதாவது மூன்று நான்கு விரற்கடை, முன்னால் தள்ளிவைத்தால் பேச்சின் நடுப்பகுதி முழுக்க அதன் வழியாகப் போய்வரும். சந்தையில் உள்ள 9 மில்லிமீட்டர் பலகைகளுக்கு 500 ஹெர்ட்ஸில் உறிஞ்சல் கெழு, அதாவது விழும் ஒலியில் விழுங்கும் பங்கு, நேரடியாக ஒட்டினால் ஏறக்குறைய 0.25, இந்த இடைவெளி விட்டால் 0.6 அளவு, கூரையிலிருந்து ஓரடி தொங்கவிட்டால் 0.75-ஐ நெருங்கும் என்று திட்டமிடுதலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே பொருள், ஒரே விலை.

எட்டு மீட்டருக்கு ஆறு மீட்டர், மூன்று மீட்டர் உயரம், ஜன்னல் சாத்திய ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 144. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 180 சதுர மீட்டர். அவை தரும் உறிஞ்சல் ஐந்தரை சதுர மீட்டரைத் தாண்டாது. காலி அறையில் ஒலி அடங்க நான்கு விநாடிக்கு மேல் ஆகும். முப்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் அவர்களும் அவர்கள் உடையும் சேர்ந்து பத்தரை சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார்கள். நேரம் ஒன்றரை விநாடிக்கு இறங்கும். 0.6-க்குக் கொண்டுவர இன்னும் 23 சதுர மீட்டர் உறிஞ்சல் தேவை. பலகையை நேரே ஒட்டுவதென்றால் அதற்கு 92 சதுர மீட்டர் பலகை வேண்டும். கதவு, ஜன்னல், கரும்பலகை எல்லாம் சேர்த்தும் அந்த அறையின் சுவர் 84 சதுர மீட்டர்தான்! இடைவெளி விட்டு மாட்டினால் 38 போதும். கூரையிலிருந்து தொங்கவிட்டால் 31. எட்டுக்கு நாலடித் தாள் மூன்று சதுர மீட்டர் என்று கொண்டால், முப்பத்தொரு தாள் கேட்ட வேலை பதினொன்றில் முடிகிறது. நூறு கிலோ பிளாஸ்டிக் மிச்சம், பணமும் மிச்சம். மறுசுழற்சியின் பெயரால் விற்கும் பொருளில் சுற்றுச்சூழலுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அதைக் குறைவாக வாங்குவதாக அமைவது கொஞ்சம் வேடிக்கைதான்.

தொங்கவிடுவது என்றதும் நம் ஊரில் மின்விசிறி குறுக்கே வரும். இறக்கைக்கு மேலே தாள் விரித்தால் விசிறிக்குக் காற்று கிடைக்காது, தாளும் அலையும். விசிறியைச் சுற்றி இறக்கை வட்டத்துக்கும் அரையடி கூடுதலாகத் திறந்துவிட்டு, இரண்டு விசிறிகளுக்கு நடுவிலும் சுவரோரமாகவும் பலகையைப் பிரித்து வையுங்கள். குறைகிற பரப்பைப் பின்சுவரின் மேல்பாதியில் ரீப்பர் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பலகை மாட்டி ஈடுகட்டலாம். கூரையின் நடுப்பகுதியில், ஆசிரியர் தலைக்கு மேலிருந்து அறையின் பாதிவரை, எதையும் ஒட்டாமல் வெறுமையாக விடுவதே மேல். அந்தக் கான்கிரீட் அவர் குரலைப் பின்வரிசைக்குத் தட்டிவிடும் இலவச ஒலிபெருக்கி. எல்லா இடத்தையும் பஞ்சாக்கிவிட்டால் அறை அமைதியாகும், ஆசிரியரின் தொண்டையும் சீக்கிரம் கட்டும்.

பக்கத்து வீட்டு டிவி சத்தம் நிற்குமா என்பது கடைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நிற்காது. ஒலியை உறிஞ்சுவது வேறு, மறிப்பது வேறு. மறிப்பதற்கு எடை வேண்டும். சுவரின் எடை இரட்டித்தால் கடந்துவரும் ஒலி ஆறு டெசிபல் அளவுக்குக் குறையும் என்பது பொதுக் கணக்கு. நாலரை அங்குலச் செங்கல் சுவர் சதுர மீட்டருக்கு இருநூறு கிலோவுக்கு மேல். அதன்மேல் இரண்டு கிலோகூட இல்லாத பஞ்சுத் தாளை மாட்டினால் எடையில் நூற்றுக்கு ஒன்றுதான் கூடுகிறது. பலகையை 'சவுண்ட் ப்ரூஃப்' என்று விற்றால் அந்தக் கடையில் மேற்கொண்டு பேச்சு வேண்டாம். சாலை இரைச்சலுக்குக் கதவு ஜன்னல் இடுக்குகளை ரப்பர் வைத்து அடைப்பதே முதல் மருத்துவம். ஜெனரேட்டர் உறுமல், சப்வூஃபர் அதிர்வு போன்ற கனத்த ஒலிகளுக்கும் இந்தப் பலகை ஆகாது. மேலே சொன்ன 70 சென்டிமீட்டர் கணக்கே காரணம். ஸ்டூடியோ படங்களைப் பார்த்து முட்டை அட்டையை ஒட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். அது மேல்சுருதியைக் கொஞ்சம் தின்னும், சுவருக்கு அப்பால் போவதைத் தடுக்காது, பற்றினால் குபுகுபுவென்று எரியும்.

எரிவது என்ற பேச்சு வந்ததால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒலிக்காக ஒட்டிய பொருளே உயிரைக் குடித்த வரலாறு உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003-இல் ஸ்டேஷன் இரவு விடுதியில் 100 பேர், பிரேசிலின் சாண்டா மரியாவில் 2013 ஜனவரி 27 அன்று கிஸ் விடுதியில் 242 பேர் இறந்தார்கள். இரண்டிலும் மேடை வாணவேடிக்கையின் பொறி பாலியூரித்தேன் ஃபோமில் பற்றியது. பெட்டில் நைட்ரஜன் இல்லாததால் அந்த ஃபோம் கக்கும் சயனைடு வாயு இதிலிருந்து வராது. அதற்காக இது எரியாத பொருள் ஆகிவிடாது. சூட்டில் சுருங்கும், உருகும், சொட்டும், புகையும் கார்பன் மோனாக்சைடு நச்சும் விடும். ஐரோப்பிய முறையில் 'பி-எஸ்1, டி0' என்றோ அமெரிக்க ஈ84 சோதனையில் 'ஏ' வகுப்பு என்றோ சான்று கேளுங்கள். டி0 என்றால் சோதனையில் எரியும் சொட்டு விழவில்லை என்று அர்த்தம். இங்கே நான் வற்புறுத்தும் இடைவெளிக்கே ஒரு பாதகம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னால் வெற்றிடம் இருந்தால் தீ அதைப் புகைபோக்கியாக்கிக்கொண்டு மேலேறும், பலகை இரு பக்கமும் பற்றும். சான்று சுவரில் ஒட்டிய நிலையில் எடுத்ததா, இடைவெளி விட்டு எடுத்ததா என்று அறிக்கையிலேயே இருக்கும். இடைவெளியோடு எடுத்ததைத்தான் ஏற்க வேண்டும். சுவரில் மூன்று நான்கு அடிக்கு ஒரு தடவை ரீப்பரைப் படுக்கை வாட்டில் முழு அகலத்துக்கும் அடித்து அந்தப் புகைபோக்கியைத் துண்டியுங்கள். இரும்பு அல்லது ஜிப்சம் பட்டையானால் இன்னும் நல்லது. சமையலறை, பூஜை அலமாரி, ஸ்விட்ச் போர்டு, சூடேறும் விளக்கு ஆகியவற்றின் பக்கமும் வெளியேறும் படிக்கட்டிலும் இந்தப் பலகையே வேண்டாம். தகரக் கூரையின் அடியில் ஒட்டினாற்போலவும் வேண்டாம்; வெயிலில் பலகை தொய்யும்.

அடுத்து, பிளாஸ்டிக்கை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயரா என்ற ஆட்சேபம். பாதி நியாயம் இருக்கிறது. தெருவோரத்திலும் கால்வாயிலும் அடைத்துக் கிடப்பவை பெரும்பாலும் பாக்கெட், சாஷே, கேரிபேக். அவற்றில் எதுவும் இந்தப் பலகையில் இல்லை. தண்ணீர் பாட்டிலுக்குக் காயலான் கடையில் ஏற்கெனவே விலை உண்டு. பொறுக்குபவர் அதைத்தான் முதலில் எடுக்கிறார். கரூரில் அதை நூலாக்கித் துணி நெய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேலாடையின் துணி அங்கிருந்து போனதுதான். ஆகவே நீங்கள் பலகை வாங்காவிட்டால் அந்தப் பாட்டில் கடலுக்குப் போயிருக்கும் என்ற விளம்பரப் பேச்சு மிகை. பாட்டில் கணக்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் பாட்டில் இருபது இருபத்தைந்து கிராம். ஐந்து கிலோ தாளில் பாதி மறுசுழற்சி இழை என்றால் நூறு பாட்டில் சொச்சம். இளகும் மேலுறை கொண்ட அந்தப் பிணைப்பு இழை பெரும்பாலும் புதுப் பொருள் என்பதால், 'முழுக்க முழுக்க மறுசுழற்சி' என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்தா என்று கேளுங்கள். நுகர்வோர் பயன்படுத்தி எறிந்ததா, ஆலையின் வெட்டுக்கழிவா என்றும் கேளுங்கள். இரண்டையும் மறுசுழற்சி என்றே எழுதுவார்கள்.

மீதிப் பாதி நியாயம் பலகையின் பக்கம் இருக்கிறது. துணியானால் ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழை சாக்கடைக்குப் போகும். சுவரில் மாட்டியது வருடக்கணக்கில் யார் கையும் படாமல் இருக்கும். வெட்டும் நாளில் மட்டும் இழை பறக்கும். அன்றைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு, துடைப்பத்தை விட்டு வேக்குவத்தால் உறிஞ்சி எடுத்தால் போதும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று இதை ஊதவைக்காது, கரையான் தின்னாது. தென்னை நார்ப் பலகை நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கு, ஒலியையும் நன்றாக உறிஞ்சும்; ஆனால் தீக்காப்பு மருந்தும் ஈரக்காப்பும் சரியாகச் செய்ததா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டுக் கூடத்துக்கு என்றால் எதையும் வாங்கும் முன் கனத்த திரைச்சீலையை மடிப்பு நிறைய விட்டுத் தொங்கவிட்டு, தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்து, புத்தக அலமாரியை வெறும் சுவரின் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். பல வீடுகளுக்கு அதற்கு மேல் செலவே வேண்டியிருக்காது.

வாங்குவது என்று முடிவானால் ஆய்வறிக்கையைக் கையில் வாங்கிப் படியுங்கள். என்.ஆர்.சி. என்ற ஒற்றை எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் கெழுக்களின் சராசரி. கீழே சின்ன எழுத்தில் பொருத்தும் முறை இருக்கும். 'ஏ' என்றால் நேரே பரப்பில் வைத்து அளந்தது. 'ஈ-400' என்றால் பின்னால் 400 மில்லிமீட்டர் காற்று விட்டு அளந்தது. ஈ-400-இல் 0.85 வாங்கிய தாளை நீங்கள் சுவரில் ஒட்டினால் கிடைப்பது அதில் பாதிதான் இருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை, யாரும் கீழே படிப்பதில்லை என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது. அறிக்கையில் உள்ள இடைவெளியும் உங்கள் ஆசாரி அடிக்கப்போகும் ரீப்பரும் ஒன்றா என்று பார்த்துவிட்டு, 500 ஹெர்ட்ஸ் கெழுவை எடுத்து மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். வந்த எண்ணிக்கையில் பாதியை மட்டும் முதலில் மாட்டி, ஒரு வாரம் அறையைப் பயன்படுத்தி, கைதட்டிக் கேட்டுப் பார்த்து மீதியை வாங்குவது எல்லாக் கணக்கையும்விட நம்பகமானது.

மாட்டும்போது ரீப்பரைச் சுவரில் திருகி, அதன்மேல் பலகையை அகலத் தலையுள்ள திருகாலோ வெல்க்ரோ பட்டையாலோ பிடிக்க வையுங்கள். பக்கவாட்டு இடுக்குகளைக் கொசுவலைத் துண்டால் அடைக்கச் சொல்லுங்கள். ஒலி அதன் வழியே போகும், பல்லியும் கரப்பானும் குடியேறாது. பசை வேலை சீக்கிரம் முடியும் என்று ஆசாரி சொல்வார், உண்மைதான். ஆனால் பசையில் ஒட்டிய பலகை வாடகை வீடு மாறும்போதோ அறை பிரிக்கும்போதோ பட்டியும் சுண்ணாம்புமாகப் பெயர்ந்து வரும். அதை மறுபடி எந்த ஆலையும் எடுக்காது. திருகில் நின்றது அப்படியே கழன்று அடுத்த அறைக்குப் போகும். போகும்போது பழைய திருகு ஓட்டைகள் புது ரீப்பரோடு பொருந்த வேண்டுமே என்பதால், முதல் தடவையே எல்லாத் தாளுக்கும் ஓரத்திலிருந்து ஒரே அளவில் துளையிட்டு, அந்த அளவை முதுகுப் பக்கம் மார்க்கரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.